திரை வச்ச ஸ்பீக்கரும் ஏழு மணி ஜெபமாலையும்

திண்டுக்கல்,
ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து

சேசுவுக்கே புகழ்.

அன்பு மக நான்சிக்கு அப்பா எழுதுறது. எல்லாரும் நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும், ஆனா இங்க எல்லாரும்னு சொல்ல நான் ஒருத்தன்தான், நலம்னு எழுதுனா நீயும் நம்பப் போறதில்ல, அதனால உள்ளத எழுதுறேன். காலைல எந்திரிக்கிறேன், மில்லுக்குப் போறேன், வாரேன், காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணுமில்ல. பேன்ட்டு கொஞ்சம் லூசாயிருச்சு, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டேன், அத நீ வந்து பாத்துத் தெரிஞ்சுக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். நீ அங்க எப்படி இருக்க பாப்பா, பூனால குளிர் எறங்கிருச்சாம், தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட ஷிப்டுக்குப் போகாத. நேத்து போன்ல நீ அழுதுக்கிட்டே, ஸ்பீக்கர் கேமராவ ஏன் மூடுனீங்க, நான் வேலைய விட்டுட்டு வந்துர்றேன், திங்கக்கெழம பேப்பர் போடுறேன்னு சொன்ன. என் லெட்டர் வர்ற வரைக்கும் போடாத ஆத்தான்னு சொன்னேன், சரின்னுட்ட, அந்த மட்டுக்கும் சந்தோசம். இத ஏன் வாட்ஸப்புல எழுதலன்னா, பாதி படிச்சிட்டு ஒடனே கூப்ட்டுருவ, நான் பேசணும், எனக்குப் பேச வரல. எழுதுனா கொஞ்சம் வருது. ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன்.

நீ அனுப்புன அந்தத் திரை வச்ச ஸ்பீக்கரப் பத்தி ஒழுங்கா ஒரு பதில் கேட்டியே, புடிச்சிருக்கா, வச்சுக்கிறீங்களா இல்ல ரிட்டன் போடவான்னு. மில்லுல புதுசா எந்தச் சாமான் வந்தாலும் ஒரு வாரம் ட்ரையல் ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஓகே போடுவேன், இதையும் அப்படித்தான் பாத்தேன், அவசரப்பட்டு எழுதலன்னு வச்சுக்க. நீ எதுக்கு அனுப்புனன்னும் எனக்கு மறக்கல. அன்னைக்கு ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்துட்டு வந்து சோபாவுல விழுந்தவன் அப்படியே தூங்கிட்டேன், போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சு, நீ கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு பக்கத்து வீட்டு ஃபயாஸ் மாமாவுக்கு அடிச்ச, அந்த மனுசன் நம்ம கேட்டேறிக் குதிச்சு லுங்கி கிழிஞ்சு ஜன்னலத் தட்டி என்ன எழுப்புனாரு. இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லியே கொல்றாரு, ஏன் மாப்ள, ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறவன் பக்கத்து வீட்டுக் கேட்டேறிக் குதிச்சான்னு தெரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்னு. நீ பயந்தது நியாயம். அம்மாவும் அப்படித்தான தூங்குறான்னு நெனச்சோம், ஒரு தலைவலின்னு படுத்தவ. மூளைல ரத்தக்கொழாய்னு டாக்டர் சொன்னப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. அஞ்சு மாசம் ஆகப்போகுது. அதப் பத்தி எழுத வரல, விடு.

ட்ரையல் விவரம் சொல்றேன். படம் நல்ல தெளிவு, ஆனா காலைல கெழக்கு ஜன்னல் வெயில் பட்டா ஒண்ணும் தெரியல, என் மூஞ்சிதான் தெரியுது. சத்தம் நல்லாயிருக்கு. காது சரியில்ல, மிக்ஸி ஓடுனா நாம சொல்றது அதுக்குக் கேக்காது, குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பாக்குற மாதிரி லைட்டு எரியுது. தமிழ் பாதி புரியுது. என்ன வெஞ்சனம் வைக்கலாம்னு கேட்டேன், அதுக்குப் புரியல, குழம்பு, பொரியல்னு விளக்கிச் சொன்னப்புறம் நம்ம வீட்டுல இல்லாத சாமானாப் பாத்து ஒரு சமையல் சொல்லுச்சு. நம்ம ஆத்தூர் டேம்ல தண்ணி எம்புட்டு நிக்குதுன்னு கேட்டா சேலத்து ஆத்தூர்ல இன்னைக்கு வெயில்னு சொல்லுது. அரிசி ஊற வைக்க, பால் காய்ச்ச டைமர் வச்சா கரெக்டா அடிக்குது, அத ஒத்துக்கணும். வைக்க எடந்தான் இல்ல. ஹால்ல காலி பிளக்குன்னு ஒண்ணும் இல்ல, மாதா சுரூபத்துக்கு எரியுதே சின்ன பல்பு, அதப் புடுங்கிட்டு அந்த பிளக்குலதான் இதச் சொருகுனேன். மில்லுல ஒரு ஷெட்டு மோட்டாரையும் பாத்துக்கிறவன் வீட்டுல ஒரு பிளக் பாயின்ட் இழுக்கத் தெம்பில்லாம அப்படிப் பண்ணுனேன். சுரூபத்துக்குப் பக்கத்துல அது மினுக்கு மினுக்குன்னு நிக்கிறதப் பாத்துட்டு ஃபயாஸ் மாமா, என்ன மாப்ள, மாதாவுக்கு வாட்ச்மேன் போட்டுட்டியான்னு கேட்டாரு. அப்புறம் சும்மா இருக்கையில அது நம்ம பழைய போட்டோவா மாத்தி மாத்திக் காட்டுற மாதிரி நீ வச்சிருந்த. அத நிறுத்திட்டேன். கோச்சுக்காத. எப்ப எது வரும்னு தெரியாம தண்ணி குடிக்கக்கூட அந்தப் பக்கம் போக முடியல. இப்ப வெறும் மணி மட்டும் காட்டுது.

கேமரா விசயத்துக்கு வாரேன். நீ அங்க இருந்து எப்ப வேணாலும் தொறந்து பாக்கலாம், நான் எடுக்கணும்னு கூட இல்லன்னு செட் பண்ணியிருந்த. தப்புன்னு சொல்லல. ஆனா நான் என்ன பண்ணுனேன்னா, நீ பாப்பன்னு தெரிஞ்ச நேரத்துக்கு சட்டைய மாத்திக்கிட்டு, தட்டப் போட்டு, டேபிள்ல உக்காந்துருவேன். ஃபயாஸ் மாமா வீட்டுல இருந்து சபிஹா அத்தை குடுத்துவிட்ட ரொட்டிய ரெண்டா பிச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சாப்புடுவேன், நீ அப்பா நல்லா சாப்புட்டாருன்னு மெசேஜ் போடுவ, நீ போனப்புறம் மீதிய மூடி வச்சுருவேன். டெஸ்ட் பண்ண ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் மிசின தொடச்சு வைக்கிற கதைதான். நீயும் அதையேதான் பண்ணுன பாப்பா. சிரிச்சுக்கிட்டே வருவ, ஆனா ஒரு தடவ நீ திரும்புனப்ப பின்னாடி கட்டில் மேல அலசாத துணி மலையாக் கெடந்துச்சு, கப்பு கப்பா காப்பி குடிச்சு அப்படியே வச்சிருந்த. நான் கேக்கல. கேட்டா நீயும் கேப்ப. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஆபீசராயிட்டோம்.

இப்ப நான் எழுதவேண்டியதுக்கு வாரேன். சாயந்தரம் ஏழு மணிக்கு ஜெபமாலை தானா ஓடுற மாதிரி நீ அங்க இருந்தே வச்சுட்ட, எங்கிட்ட சொல்லல. மொத நாள் மூஞ்சி கழுவிட்டு வாரேன், ஹால்ல ஒரு பொம்பள கொரல்ல பிதா சுதன்னு ஆரம்பிக்குது, கையில இருந்த துண்டு கீழ விழுந்துருச்சு. உன்ன குத்தம் சொல்லல, நல்லதுக்குத்தான் பண்ணுன. நம்ம வீட்டு ஜெபமாலை எப்படின்னு உனக்குத் தெரியும். ஒவ்வொரு மந்திரத்துலயும் மொதப் பாதி அம்மா, ரெண்டாம் பாதி நீயும் நானும். கல்யாணமான நாள்ல இருந்து ஒரு தடவகூட மாத்துனதில்ல. அருள் நிறைந்த மந்திரத்த பாதியில நிறுத்தி, ஏங்க அடுப்ப சிம்ல வச்சீங்களான்னு கேட்டுட்டு விட்ட எடத்துல இருந்தே கரெக்டாப் பிடிப்பா. நீ பீரோவுல சாஞ்சு கண்ண மூடுனா ஜெபம் நிக்காது, அவ காலு மட்டும் நீண்டு வந்து உன்ன மிதிக்கும். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீடு நெறைய ஆளு, யாராவது சொன்னாங்க, நான் பதில் சொன்னேன். எல்லாரும் போனப்புறம் ஒருநாள் நான் மட்டும் உக்காந்து ஜெபமாலை மணிய எடுத்தேன். வாய்ல வந்தது ரெண்டாம் பாதிதான். மொதப் பாதி தெரியாம இல்ல, காது கேட்டுக் கேட்டு மனப்பாடம், வாய்தான் அதச் சொன்னதில்ல. சரின்னு, அம்மா சொல்ற நேரம் வரைக்கும் சும்மா இருந்துட்டு என் பாதிய மட்டும் சொன்னேன். அம்பத்து மூணு மணியும் அப்படியே பாதி பாதியா உருட்டுனேன். அதுக்கப்புறம் மணிய ஆணியில மாட்டுனதுதான்.

இந்த மெசின் என்னடான்னா ரெண்டு பாதியையும் அதுவே சொல்லிருது, நான் வேடிக்கை பாக்குறேன், கோயில் மைக்குல ஓடுற மாதிரி. அதனால போன ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல உக்காந்து, அந்தப் பதிவ லேப்டாப்புல எறக்கி, ரெண்டாம் பாதிய எல்லாம் வெட்டி எடுத்துட்டு அந்த எடத்துல வெறும் இடைவெளி விட்டேன். நான் எம்புட்டு நேரத்துல சொல்லி முடிப்பேன்னு சொல்லிப் பாத்து அளந்து அந்த அளவுக்கு விட்டேன். டைமர் செட் பண்றதுதான என் பொழப்பு. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஆச்சு, பசி தெரியல, நெசமாச் சொல்றேன், அஞ்சு மாசத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் நேரம் போனது தெரியல. ஏழு மணிக்கு ஓட விட்டேன். மொத ரெண்டு மூணு மணி உருட்டுற வரைக்கும் சரியா வந்துச்சு. அப்புறம் அது என்ன விட்டுட்டுப் போயிருச்சு. எங்கள் இறப்பின் வேளையிலும்னு ஒரு எடம் வருதுல்ல, அங்க எனக்குத் தொண்ட புடிச்சுக்குது, முன்னாடி பிடிக்காது, அளக்கும்போது பிடிக்கல. நான் எச்சில் முழுங்கிட்டு நிக்கிறேன், அது அடுத்த மணிய ஆரம்பிச்சிருச்சு. ஓடிப் புடிச்சா மறுபடி அதே எடம். இடைவெளியக் கூட்டி வச்சுப் பாத்தேன், தொண்ட பிடிக்காத மணியில அது கல்லு மாதிரி நிக்குது. எந்த மணியில பிடிக்கும்னு எனக்கே தெரியாம எப்படி செட் பண்றது. அம்மா எந்த செட்டிங்கும் இல்லாமத்தான காத்திருந்தா, நான் கொட்டாவி விட்டு முடிக்கிற வரைக்கும்.

இதுல இன்னொரு கூத்து. ரெண்டு நாள் கழிச்சு சபிஹா அத்தை சுவத்துக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, தம்பி ஒரு விசயம் கேட்டா தப்பா எடுத்துக்கக்கூடாதுன்னாங்க. என்னக்கான்னேன். உங்க வீட்டுல ஜெபம் ஆரம்பிச்சா நான் உலை வைப்பேன், கடைசியில நீங்க வேண்டிக்கொள்ளும் வேண்டிக்கொள்ளும்னு வரிசையா சொல்ல ஆரம்பிச்சா வடிப்பேன், எத்தன வருசமா அதுதான் எனக்குக் கடியாரம், உங்க வீட்டுல சத்தம் நின்னதுல இருந்து எங்க வீட்டுச் சோறு ஒருநாள் கொழையுது ஒருநாள் அடிப்புடிக்குது, இப்பத்தான் சத்தம் வருதேன்னு நம்பி உலை வச்சேன், உங்க மெசின் வெரசா முடிச்சிருச்சு தம்பி, நானும் நம்பி வடிச்சுட்டேன், அரிசி நட்டுக்கிட்டு நிக்குது, உங்க மச்சான் தட்டத் தள்ளிட்டு இது சோறா இல்ல கல்லுக் குவாரியான்னு கேக்குறாருன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வந்தப்புறம்தான் சிரிச்சேன்னே தெரிஞ்சுச்சு. அம்மாகிட்ட இதச் சொல்லணும்னு உள்ள திரும்பிட்டேன். அப்புறம் அங்கேயே நின்னேன்.

வியாழக்கிழமை மழை வர்ற மாதிரி காத்தடிச்சுச்சு, ஜெபமாலை ரெண்டாவது தேவ ரகசியத்துல போகும்போது கரண்டு போயிருச்சு. இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடுது, அந்த பிளக்குக்கு மட்டும் லைன் கெடையாது, மெசின் அப்படியே செத்துருச்சு. நான் என் பாதியச் சொல்லி முடிச்சுட்டு அடுத்தது வரும்னு லைட்டக்கூடப் போடாம இருட்டுக்குள்ள உக்காந்திருக்கேன். வராதுன்னு தெரியும், கரண்டு வேலை பாக்குறவன் எனக்குத் தெரியாதா. எந்திரிக்கத் தோணல. செத்த நேரம் கழிச்சு சுவத்துக்கு அந்தாண்ட இருந்து சபிஹா அத்தை, ஏன் தம்பி நிறுத்திட்டீங்க, எனக்கு உலை கொதிக்குதுங்குறாங்க. கரண்டு போச்சுக்கா, மெசின் நின்னுருச்சுன்னேன். அதுக்கு அவங்க, மெசினுக்குத்தான கரண்டு போச்சு, உங்களுக்குமா போச்சுன்னாங்க. சும்மா அவங்க பாட்டுக்குச் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் அருள் நிறைந்தன்னு ஆரம்பிச்சேன். மொதல்ல காத்துத்தான் வந்துச்சு, சத்தம் வரல. திரும்ப ஆரம்பிச்சேன். மொதப் பாதி முழுசா சொன்னேன், நாப்பத்தி மூணு வயசுல மொத தடவ. அப்புறம் ரெண்டாம் பாதிக்கும் ஆளில்ல, அதையும் நானே சொன்னேன், ஒரே ஆளு கயித்த ரெண்டு பக்கமும் புடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. தொண்ட புடிச்ச எடத்துல நின்னேன், யாரும் முந்தல. நாலாவது தேவ ரகசியத்துல அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்து பாதியில எந்திரிச்சுப் போய் அணைச்சிட்டு வந்து விட்ட எடத்துல இருந்து பிடிச்சேன். மாதா பிரார்த்தனை, அந்த வேண்டிக்கொள்ளும் வரிசை வரைக்கும் முடிச்சேன். முடிச்சப்புறம் சுவத்துக்கு அந்தாண்ட ஃபயாஸ் மாமா சத்தம், அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்குத்தான் சோறு பதம்னு. மனசு லேசாயிருச்சுன்னெல்லாம் எழுத மாட்டேன் பாப்பா, ஆகல. களைப்பாத்தான் இருந்துச்சு. ஆனா இது வேற களைப்பு, வேலை பாத்துட்டு வந்த களைப்பு. கரண்டு வந்து மெசின் முழிச்சப்ப, இன்னைக்கு ஒரு நாள் யாரும் பாக்காம இருப்போம்னு கேமராவோட மூடிய இழுத்து விட்டேன், மறுநாளும் தொறக்கல. நீ பாத்தது அந்த இருட்டத்தான். வேற ஒண்ணுமில்ல.

அதனால முடிவு இதுதான். மெசின் இருக்கட்டும், ரிட்டன் போடாத. கேமரா மூடித்தான் இருக்கும், நீ கூப்ட்டா நான் வந்து தொறப்பேன். தானா தொறக்குறத எடுத்துட்டேன். நான் எடுக்கலன்னா ஃபயாஸ் மாமாவுக்கு அடி, கேட்டுச் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரு செட்டு அவர்ட்ட குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டு, இத ஒரு லுங்கிக்கு முன்னாடியே குடுத்திருக்கலாமே மாப்ளன்னாரு. காலைல பூசை முடிஞ்சு வந்து ஹால்ல புதுசா ஒரு பிளக் பாயின்ட் இழுத்தேன், இன்வெர்ட்டர் லைன்லயே குடுத்துட்டேன். மாதாவுக்குப் பல்பு எரியுது, மெசினுக்கு அது பக்கத்துல தனியா எடம். பேப்பர் போடுறேன்னு சொன்னதுக்குப் பதில் சொல்றேன், கோவமில்லாமக் கேளு. நீ வந்து ஆக்கிப் போட்டா நான் சாப்புடுவேன், நெசந்தான், பெல்ட்டு ஓட்டை பழைய எடத்துக்குப் போயிரும். ஆனா சாயந்தரமானா நீயும் நானும் அந்த ஹால்ல உக்காந்து, ரெண்டு பேருக்கும் ரெண்டாம் பாதிதான் பழக்கம்னு, அம்மா ஆரம்பிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருப்போம். உன்ன அம்புட்டுத் தூரம் அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னவ அவதான், நான் வேணாம்னவன். இப்ப நீ வந்து நின்னா எனக்குச் சந்தோசமா இருக்கும், அதுதான் பயமா இருக்கு.

கல்லறைத் திருநாளுக்கு லீவு கெடைச்சா வா. நான் போய்க் கல்லறைய அடிச்சுக் கழுவி வச்சுர்றேன், பூ இங்க மார்க்கெட்டுல வாங்கிக்குவோம், நீ அங்க இருந்து ஒண்ணும் தூக்கிட்டு வராத. ஆனா ரிட்டன் டிக்கெட் போட்டுட்டு வா. அத எனக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டு அப்புறம் ரயில் ஏறு. துணியத் தொவச்சுப் போடு, காப்பியக் கொறை, அங்க உன் சூப்பர்வைசர் அம்மா மொகத்த சுளிச்சா நீயும் சுளிக்காத, வேலையப் பழகு. மாதா உனக்குத் துணையிருக்கட்டும், அம்மாவும் இருக்கா, காலு நீட்டி மிதிக்கிற தூரத்துலதான் இருப்பா.

கடைசியா ஒண்ணு. உனக்கு ஷிப்டு இல்லாத நாள்ல ஏழு மணிக்குக் கூப்புடு, மூஞ்சி வேணாம், சத்தம் போதும். மொதப் பாதி நான் சொல்றேன். ரெண்டாம் பாதி உன்னோடது, உனக்கு வாய்ப் பழக்கந்தான். லைன்ல உன் கொரல் கொஞ்சம் பிந்தி வரும், வரட்டும், நான் நிப்பேன். அதே மாதிரி நடுவுல எங்கயாவது என் சத்தம் நின்னுபோனா, லைன் கட்டாயிருச்சுன்னு வச்சுறாத, ஃபயாஸ் மாமாவுக்கும் அடிக்காத. செத்த நேரம் காத்திரு, சொல்லிருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெரோம்